பழைய இரும்பில் துப்பாக்கி செய்த சிறுவன்

துப்பாக்கி என்றதும் நமக்குப் பட்டாளத்துக்காரர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் துப்பாக்கியைச் செய்தவர் யார் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்று உலகத்தில் உள்ள துப்பாக்கிகளில் பலவற்றின் உள்யந்திரத்தை முதன்முதலில் யோசித்துச் செய்தவர் ஒரே மனிதர். அவர் பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங். அமெரிக்கர்.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. சின்ன ஊரில் தகப்பனாரின் பட்டறையில் அரமும் சுத்தியலும் பிடித்து வளர்ந்தவர். வீட்டில் கிடந்த பழைய துப்பாக்கியை எடுத்து, இதை இன்னும் நன்றாகச் செய்ய முடியாதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அந்த வேலையே அவருக்குப் பணம் தந்தது, புகழும் தந்தது. உலகத்துக்கு அது என்ன தந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

தகப்பனார் பட்டறை

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. அதில் ஆக்டன் என்ற ஊர். ஜான் அங்கே 1855-ம் ஆண்டு ஜனவரியில் பிறந்தார். தகப்பனார் ஜோனதன் பிரவுனிங் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் மதத்தைச் சேர்ந்தவர். அந்த மதத்தில் அக்காலத்தில் பல தார வழக்கம் இருந்தது. ஜோனதனுக்கு மூன்று மனைவிகள், 22 குழந்தைகள்!

அந்தப் பக்கத்தில் துப்பாக்கி இல்லாத வீடு இல்லை. வேட்டையாடினால்தான் பல வீடுகளில் கறி வேகும். உடைந்த துப்பாக்கியை எல்லோரும் ஜோனதனிடம் கொண்டுவந்தார்கள். ஜானுக்கு அந்தப் பட்டறைதான் விளையாட்டு மைதானம். மூலையில் குவிந்து கிடந்த இரும்புத் துண்டுகள்தான் பொம்மை.

பத்து வயதில்

ஜானுக்குப் பத்து வயது. ஒரு நாள் தகப்பனார் பட்டறையில் இல்லை. ஜான் குப்பையில் கிடந்த பழைய துப்பாக்கிக் குழல் ஒன்றை எடுத்தான். ஒரு பலகையைச் செதுக்கிக் கட்டையாக்கினான். கம்பியைச் சுற்றிக் குழலைக் கட்டையோடு கட்டினான். தகரத்தை வளைத்து மருந்துக் கிண்ணி செய்தான். விசை கிடையாது. தம்பி மாட் நெருப்பை வைக்கவேண்டும். அண்ணன் குறி பார்க்கவேண்டும்!

பையன்கள் இருவரும் காட்டுக்குப் போனார்கள். துப்பாக்கி வெடித்தது. ஜான் பின்னால் விழுந்தான். ஆனால் காட்டுக்கோழிகளும் விழுந்தன!

மறுநாள் காலை உணவில் அந்தக் கறி. தகப்பனார் சங்கதியைக் கேட்டார். துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பதினோரு வயது ஆகப்போகிறதே, இதைவிட நல்லதாகச் செய்ய உனக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டாராம். ஜானுக்கு அது அடியைவிட வலித்தது. அந்தத் துப்பாக்கியைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிட்டான். பிரவுனிங் குடும்பத்தில் இந்தக் கதையை வழிவழியாகச் சொல்லி வந்தார்கள்.

என்னால் முடியும்

ஜான் வாலிபரானார். 1878-ம் ஆண்டு. ரிப்பேருக்கு வந்த ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே தேவை இல்லாத சிக்கல். இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும் என்று தகப்பனாரிடம் சொன்னார். முடியும் என்று எனக்கும் தெரியும், உடனே ஆரம்பி என்றார் கிழவர்.

நல்ல யந்திர வசதி இல்லை. உலைக்களத்தில் காய்ச்சி, அரத்தால் ராவி, ஒவ்வொரு உறுப்பையும் கையாலேயே செய்தார். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும் துப்பாக்கி அது. 1879-ம் ஆண்டு அக்டோபரில் அதற்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. அதே ஆண்டில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அதே ஆண்டில்தான் தகப்பனார் காலமானார்.

ஜானும் தம்பிமார்களும் சேர்ந்து சிறு தொழிற்சாலை வைத்தார்கள். அங்கே செய்த துப்பாக்கி ஒன்றை வின்செஸ்டர் என்ற பெரிய கம்பெனியின் ஏஜெண்டு பார்த்தார். அது ஒருவர் உபயோகித்த பழைய துப்பாக்கி. இருந்தாலும் அதன் நேர்த்தி அவர் கண்ணில் பட்டது. விலைக்கு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பினார்.

1883-ம் ஆண்டில் கம்பெனியின் பெரிய அதிகாரி பென்னெட் ரெயில் ஏறி ஆக்டனுக்கு வந்தார். பெரிய தொழிற்சாலையைத் தேடினார். அங்கே இருந்தது சிறு பட்டறை. எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு சில வாலிபர்கள்! உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு போனார்.

கைப்பிடித் துப்பாக்கி

அப்போது வின்செஸ்டர் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது கைப்பிடித் துப்பாக்கி. விசையின் கீழே விரல்கள் நுழையும் வளையம் போல ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலில் ஏறும். நிமிஷத்தில் பல தடவை சுடலாம்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அடைப்பைத் தாங்கும் மூட்டுகளுக்குப் போதிய பலம் இல்லை. மருந்து அதிகம் உள்ள பெரிய தோட்டாவை அது தாங்காது. பிரவுனிங் அந்த மூட்டுகளை எடுத்துவிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல, இரண்டு இரும்புத் துண்டுகள் செங்குத்தாக ஏறி இறங்கி அடைப்பைப் பூட்டும்படி செய்தார். அதுதான் 1886-ம் ஆண்டு மாடல். 1892-ல் சிறிய மாடல் வந்தது. 1894-ல் வந்த மாடல் 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது!

ஏழைக்கும் ஒரு துப்பாக்கி

சின்னத் தோட்டாக்களிலும் பிரவுனிங் கருத்துச் செலுத்தினார். 1857-ம் ஆண்டு ஸ்மித்-வெஸ்ஸன் கம்பெனி புள்ளி 22 என்ற சிறு தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் அடி விளிம்புக்குள் வெடிமருந்து இருக்கும். விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். விலை மலிவு. சத்தமும் குறைவு. தோளில் உதைக்காது.

இதற்காக ஒரு துப்பாக்கியை வரைந்து கம்பெனிக்கு அனுப்பினார் பிரவுனிங். இது வேலை செய்யாது என்று கம்பெனி எஞ்சினீயர்கள் எழுதிவிட்டார்கள். அவர் வாதம் செய்யவில்லை. துப்பாக்கியையே செய்து அனுப்பினார். அது வேலை செய்தது! 1890-ம் ஆண்டு மாடலாக வந்தது. கண்காட்சிகளில் காசு கொடுத்துக் குறி பார்த்துச் சுடுவார்களே, அந்தக் கடைகளில் எல்லாம் அதுதான். எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. 1900-ல் இன்னும் எளிய, மலிவான மாடல் ஒன்றையும் செய்து கொடுத்தார். கையில் பணம் குறைந்தவர்களும் அதை வாங்கினார்கள்.

புல் அசைந்தது

இனிதான் முக்கியமான சம்பவம். 1889-ம் ஆண்டு. ஆக்டனுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிப் பந்தயம். நண்பர் ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். குழலுக்கு முன்னால் நாணல் புல். ஒவ்வொரு வெடிக்கும் புல் சாய்ந்து எழுந்தது.

எல்லோரும் குறியைப் பார்த்தார்கள். பிரவுனிங் புல்லைப் பார்த்தார்.

தோட்டாவுக்குப் பின்னால் வரும் புகைக்காற்று இவ்வளவு பலமாக அடிக்கிறதே! இது வீணாகத்தானே போகிறது? பந்தயத்தை விட்டுவிட்டுத் தம்பிகளோடு பட்டறைக்கு ஓடினார்.

துளை போட்ட இரும்புத் துண்டு ஒன்றைக் குழலின் முன்னால் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். தோட்டா துளை வழியே போயிற்று. காற்று அடித்த அடியில் இரும்பு எகிறிப் போய் விழுந்தது! பிறகு ஒரு பழைய கைப்பிடித் துப்பாக்கியை எடுத்தார். அந்தக் காற்றின் பலமே கைப்பிடியைத் தள்ளும்படி இணைத்தார். மனிதன் கையால் செய்யவேண்டிய வேலையைத் துப்பாக்கி தானாகவே செய்தது.

காட்டுக்கோழி சுடும் துப்பாக்கி யந்திரத் துப்பாக்கி ஆகிவிட்டது! 1895-ல் கோல்ட் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கடற்படை வாங்கியது.

முறிந்த உறவு

வின்செஸ்டர் கம்பெனியோடு 19 ஆண்டு உறவு. பிரவுனிங் கொடுத்ததை எல்லாம் கம்பெனி மொத்தத் தொகை தந்து வாங்கிக்கொண்டது. தானாகத் தோட்டா ஏறும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை அவர் செய்தபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். பென்னெட் இணங்கவில்லை. 1902-ல் உறவு முறிந்தது.

உடனே ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். தலைவரைப் பார்க்கக் காத்திருந்தார். அந்த நேரத்தில் தலைவர் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது!

பிரவுனிங் சோர்ந்துவிடவில்லை. கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனார். பெல்ஜியம் நாட்டின் எப். என். கம்பெனி அவரை வரவேற்றது. அவருடைய கைத்துப்பாக்கியை அந்தக் கம்பெனி ஏற்கெனவே செய்துவந்தது. பிரெஞ்சு மொழியில் கைத்துப்பாக்கிக்கு பிரவுனிங் என்றே பெயர் வந்துவிட்டது.

யுத்தம்

1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. சாரயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து முதலாவது உலக யுத்தம் மூண்டது. கொலைகாரன் கையில் இருந்தது பிரவுனிங் அமைத்த 1910-ம் ஆண்டு மாடல் கைத்துப்பாக்கி!

1917-ல் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியது. பிரவுனிங்கின் புதிய யந்திரத் துப்பாக்கியைச் சர்க்கார் சோதித்தது. ஒரு துப்பாக்கி 48 நிமிஷம் நிற்காமல் சுட்டது. தன் ஆயுதங்களின் உரிமைக்குச் சர்க்கார் தந்த 7½ லட்சம் டாலரை அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். வழக்கப்படி பங்கு கேட்டிருந்தால் ஒரு கோடி டாலருக்கு மேல் கிடைத்திருக்கும். ஒரு காலத்தில் பங்குக்காகப் பெரிய கம்பெனியையே உதறிய மனிதர் அவர்! இளைஞர்கள் போர்க்களத்தில் கிடக்கும்போது கணக்குப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் மகன் வால் பட்டாள அதிகாரியாகப் பிரான்சுக்குப் போய், தகப்பனாரின் துப்பாக்கியைச் சிப்பாய்களுக்குப் பழக்கினார்.

மகன் அறையில்

1926-ம் ஆண்டு நவம்பர் 26. பிரவுனிங் பெல்ஜியத்தில் இருந்தார். 71 வயது. அன்றும் தொழிற்சாலையில் புதுத் துப்பாக்கி ஒன்றைப் பற்றித்தான் யோசனை. நெஞ்சு வலித்தது. மகனுடைய அறையில் படுக்க வைத்தார்கள். அங்கேயே உயிர் பிரிந்தது. அவர் உடலை ஆக்டனுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அவர் பாதியில் விட்டுச்சென்ற கைத்துப்பாக்கியை, எப். என். கம்பெனியின் எஞ்சினீயர் சேவ் முடித்தார். 1935-ல் அது வெளிவந்தது. பிற்காலத்தில் நம் நாட்டிலும், மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில், நம் ராணுவத்துக்காக அதே மாதிரியில் கைத்துப்பாக்கி செய்தார்கள்.

ஆக்டன் ரெயில் நிலையத்தில் இன்று பிரவுனிங் துப்பாக்கிக் காட்சிசாலை இருக்கிறது. அவர் செய்த வேட்டைத் துப்பாக்கி எத்தனையோ வீடுகளில் சோறு போட்டது. அவர் செய்த யந்திரத் துப்பாக்கி எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைத்தது. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே கையால் செய்தவை. இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா என்று தகப்பனார் கேட்ட கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை எதற்கு உபயோகிப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள், துப்பாக்கியைக் கையில் எடுக்கிறவர்கள்தான்.