உரிமம் கிடைக்காத 2,000 ரூபாய் கார்

புக்கிட் மேராவில் அலெக்சாண்டிரா வில்லேஜ் பக்கம் போனால் வரிசையாக வாகனப் பட்டறைகள். சற்றுத் தள்ளி, லெங் கீ சாலையில் புத்தம்புதுக் கார்கள் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும். இரண்டு இடத்திலும் பார்க்க முடியாத ஒன்று, ஒருவர் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டி உருவாக்கிய கார். வீவக வீட்டில் அதற்கு இடமில்லை. இடம் கிடைத்தாலும் வாகன உரிமைச் சான்றிதழ், சோதனைகள், பதிவு என்று தாண்ட வேண்டிய படிகள் பல.

பிரிட்டனில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. 1957ல் வந்த லோட்டஸ் செவன் கார் பாகங்களாகவும் விற்கப்பட்டது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, பாகங்களுக்கு இல்லை என்பதே காரணம். தமிழர்களில் இப்படிப்பட்டவர் யார் என்று கேட்டால் உடனே நினைவுக்கு வருபவர் கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23ஆம் தேதி பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தொடக்கப்பள்ளிக்கு மேல் படிப்பு ஓடவில்லை. ஊருக்கு வந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததுதான் திருப்பம். குதிரையோ மாடோ இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவது அந்தக் கிராமத்துப் பையனுக்குப் பெரிய புதிர். அதை வாங்குவதற்கென்றே கோயம்புத்தூருக்குப் போய், ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் காசு சேர்த்து மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதும் ஊரைச் சுற்றவில்லை, பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்து மறுபடியும் பூட்டினார். கையேடும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகளைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. மூன்றாண்டுச் சம்பளத்தைத் தரையில் திருகாணிகளாகப் பரப்பிவைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அதன்பின் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய், பணத்தை இழந்து திரும்பினார். கோயம்புத்தூரில் ஆலைகள் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியுடன் ஒரு பேருந்து வாங்கினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. அந்த ஒற்றைப் பேருந்தில் தொடங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் 1930களின் தொடக்கத்தில் 200க்கும் மேற்பட்ட பேருந்துகளை ஓட்டியது.

பேருந்து முதலாளியாகவே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய கைகள் சும்மா இருக்கவில்லை. உலர் மின்கலத்தில் இயங்கும் சின்ன மோட்டார் வைத்த ‘ரேசன்ட்’ சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். பீளமேட்டில் அவர் நிறுவிய நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் தொழிற்கூடத்தில்தான் 1937ல் டி. பாலசுந்தரம், இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். 1941ல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார் நாயுடு. நல்ல பொருள், ஆனால் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில். எதைச் செய்தாலும் இந்தக் கணக்கிலிருந்து அவர் விலகவில்லை.

கார் வந்தது 1952ல். இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். ஓடியது, விலையும் கட்டுப்படியானது. ஆனால், தொழில்களை ஒழுங்குபடுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் இந்தியாவில் பல பொருள்களைத் தயாரிக்க அரசாங்க உரிமம் தேவைப்பட்ட காலம் அது. காருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. தயாரிப்பு நின்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். நான் அவ்வளவு அவசரப்படமாட்டேன். ஒரு காரை ஓடவைப்பது வேறு, பத்தாயிரம் கார்களை ஒரே தரத்தில் செய்வது வேறு. இரண்டாவதை நாயுடுவால் செய்திருக்க முடியுமா என்பதற்கு விடை கிடையாது. எனக்கு உறுத்துவதும் அதுதான். அந்தக் கார் சந்தையில் தோற்றிருந்தால்கூட ஏன் தோற்றது என்று நாம் படித்திருக்கலாம். தாளிலேயே நின்றுபோனதால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

கல்வியிலும் அவர் இதே மாதிரி முட்டிக்கொண்டார். 1945ல் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றும், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி ஒன்றும் அமைய முன்னின்றார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டுகளே தாராளம் என்பது முதல்வராக இருந்த அவருடைய வாதம். பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். நான்காண்டுப் பட்டப்படிப்பில் பாதியில் இருக்கும் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் சங்கடமும். பட்டறையில் கை அழுக்காகும் நேரத்தைக் கணக்கெடுத்தால் நம் படிப்பு எத்தனை மாதம் தேறும்? அதேசமயம், கணிதமும் பொருள்களின் வலிமையும் தெரியாமல் இன்று யாரையும் பாலம் கட்டவிட முடியாது. பள்ளியில் உட்கார முடியாத ஒரு மேதைக்குப் பொருந்தியது எல்லாருக்கும் பொருந்தாது.

1974 ஜனவரி 4ஆம் தேதி தமது 80வது வயதில் நாயுடு காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவருடைய கண்டுபிடிப்புகளுக்குக் காட்சியகம் இருக்கிறது. 2015ல் திறக்கப்பட்ட கார் அரும்பொருளகமும் அதே சாலையில்தான். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கலாம்.