பொருளியல் அறிஞர் அண்ணல் அம்பேத்கர்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் நம் திருக்கடையூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டி மகிழ்கிறோம். அவர் யார் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்தவர் என்று ஒரே குரலில் விடை சொல்வார்கள். விடை சரியே. ஆயினும் அவர் முதன்முதலாகக் கற்றுத் தேர்ந்த துறை சட்டமன்று, பொருளாதாரம். முதலாளித்துவமா, சமதர்மமா, இரண்டும் கலந்த கலப்புப் பொருளாதாரமா என்று நாட்டின் தலைவர்கள் வாதிட்ட காலத்தில், நிலமில்லாக் கூலியாளின் பக்கம் நின்று பேசியவர் அவர். நிலத்தை வேலிக் கணக்கில் அளந்த இத்தஞ்சைத் தரணியில், ஒரு குழி நிலமும் இன்றி வரப்போரத்துக் குடிசையில் பிறந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆதலின் நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவருடைய வாழ்வின் இந்தப் பகுதியை எழுதுவதே பொருத்தம் எனக் கருதினேன்.

அண்ணல் 1891-ஆம் ஆண்டு மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியருக்குப் பதினான்காம் பிள்ளையாகப் பிறந்தார். பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டதும், தண்ணீர்க் குழாயைத் தொட இயலாது தாகத்தோடு நின்றதும் நாம் பலமுறை கேட்டவை. 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, பொருளாதாரமும் அரசியலும் பாடமாக பி.ஏ. பட்டம் பெற்றார். அதே மன்னரின் உதவியால் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே எம்.ஏ. பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் நிதியும். ஒரு வணிகக் கம்பெனி கோட்டை கட்டி வரி வாங்குவது எத்தகையது என்பதை நாம் நூலில் தேட வேண்டியதில்லை. அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1620-இல் டேனியக் கம்பெனி எழுப்பிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பணத்தின் மதிப்பு வீழ்ந்தால் விலைவாசி ஏறும். கூலி அதே வேகத்தில் ஏறாது. ஆகவே வணிகர் அடையும் ஆதாயம் உழைப்பாளியின் வயிற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தபோதும் இக்கருத்தை அவர் வலியுறுத்தினார்.

1918-இல், தம் இருபத்தேழாம் வயதில், இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துண்டான வயல்களை ஒன்று சேர்த்துவிட்டால் வேளாண்மை செழிக்கும் என்று அந்நாளைய அறிஞர் பலர் கூறிவந்தனர். அண்ணல் அதனை ஏற்கவில்லை. நிலம் சிறிதா பெரிதா என்பதை ஏக்கரைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. அதில் இறங்கும் முதலையும் உழைப்பையும் கொண்டே சொல்ல வேண்டும் என்றார். நோய் எதுவெனில், வேறு பிழைப்பின்றி அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தையே நம்பிக் கிடப்பது. மருந்து எதுவெனில், தொழில்களைப் பெருக்குவது. அறுவடை முடிந்தபின் வேலையின்றி மரத்தடியில் அமர்ந்திருந்த மாதங்களை நம்மில் மூத்தோர் நினைவு கூர்ந்தால் இதன் உண்மை விளங்கும்.

படித்தவராயிற்றே என்று ஊர் அவரை மதித்ததா? 1917-இல் பரோடாவில் உயர் பதவியில் அமர்ந்தும் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். கல்வியும் பதவியும் வந்த பிறகும் சாதி உடன் வரும் என்பதை அன்று அறிந்துகொண்டார் போலும்.

அதனால்தான் பொதுவுடைமைத் தோழர்களோடு அவரால் முழுவதும் ஒன்ற இயலவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் தீண்டப்படாதோருக்கு அங்கே இடமில்லை. நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தமையால், அவர்கள் வாய்பட்ட கட்டையைத் தொடச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, உரிமை கேட்கும் சங்கம் இந்த உரிமையையும் கேட்க வேண்டாமா என்று அண்ணல் வினவினார். உழைப்பாளிகளுக்குள்ளேயே மேல் கீழ் இருக்கையில், சொத்தை மட்டும் பொதுவாக்கிச் சமத்துவம் காண முடியாதென்பது 1936-இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலிலும் அவர் நிறுவிய வாதம்.

ஆயினும் அவர் முதலாளிகளின் பக்கம் சாய்ந்தவர் அல்லர். 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937-இல், கொங்கணப் பகுதியில் குடியானவரை நசுக்கிய கோத்தி நிலமுறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7-ஆம் நாள் பொதுவுடைமைக் கட்சியினரோடு தோளோடு தோள் நின்று வேலைநிறுத்தம் நடத்தினார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, வேலைவாய்ப்பு அலுவலகங்கள், முத்தரப்புத் தொழிலாளர் மாநாடு, வாரத்திற்கு 48 மணி நேர வேலை, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்கம் எனப் பலவற்றில் அவர் கை இருந்தது.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. 1947 மார்ச்சில், அட்டவணைச் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் அறிக்கையை அண்ணல் வெளியிட்டார். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாகி மூன்று மாதமே ஆகியிருந்த நேரம். முதன்மைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும். காப்பீடு அரசின் தனியுரிமையாக வேண்டும், வயது வந்த ஒவ்வொருவரும் காப்பீடு பெற வேண்டும். வேளாண்மையும் அரசுத் தொழிலாக வேண்டும் என்று அதில் கேட்டார். உடையவர்களுக்குக் கடன் பத்திரங்களாக ஈடு கொடுத்து, அரசே நிலத்தை எடுத்துக்கொள்ளும். அதனைத் தக்க அளவுள்ள பண்ணைகளாக வகுத்து, சாதி மத வேறுபாடின்றி ஊர்க் குடும்பங்களிடம் கூட்டாகச் சாகுபடி செய்ய விடும். தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை யாவும் அரசின் பொறுப்பு. நிலக்கிழாரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை, நிலமற்ற கூலியாளும் இல்லை.

குத்தகைச் சட்டத்தால் தீண்டப்படாதோருக்கு யாதொரு பயனும் இல்லை என அவ்வறிக்கை துணிந்து கூறுகிறது. குத்தகையாவது இருந்தால்தானே சட்டம் காக்கும்? ஆறு கோடிப் பேர் வெறும் கூலிகளாக இருந்த நாட்டில், உழுபவனுக்குப் பாதுகாப்பு என்ற சொல் அவர்களைத் தாண்டியே சென்றது.

மற்றொன்று. அரசு தலையிடாதிருப்பதே தனிமனிதச் சுதந்திரம் என்பார் கூற்றை அவர் மறுத்தார். அரசு ஒதுங்கினால் அங்கே ஆள்வது முதலாளியே. வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவன் பேச்சுரிமை, சங்க உரிமை யாவற்றையும் தானே விட்டுக்கொடுத்துவிடுவான். குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதாக இருந்த நாளில், வாக்குச்சாவடிக்கு நடந்த நம் பாட்டன்மார்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. அதே வேளையில் ரஷ்யாவைப் போன்ற சர்வாதிகாரமும் அவருக்கு உடன்பாடன்று. ஆகவே இத்திட்டத்தை அரசியலமைப்பிலேயே எழுதி, பத்தாண்டுகளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றார். பெரும்பான்மை மாறும்போதெல்லாம் மாற்ற இயலாதிருக்க வேண்டுமல்லவா?

அது நடக்கவில்லை. வரைவுக் குழுவின் தலைவராக அவர் அமர்ந்தும், அவ்வறிக்கையின் பொருளாதாரப் பகுதி அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. 39-ஆம் பிரிவு போன்ற வழிகாட்டு நெறிகளாகவே அதன் சாயல் நின்றது. 1948 நவம்பர் 15-இல் கே.டி.ஷா அவர்கள் சோஷலிச என்னும் சொல்லைச் சேர்க்கக் கோரியபோது, மறுத்துப் பேசியவரும் அண்ணலே. எத்தகைய பொருளாதாரம் வேண்டுமென்பதை அவ்வக்காலத்து மக்களே முடிவு செய்யட்டும் என்றார். முந்தைய ஆண்டு கட்டிப்போட வேண்டும் என்றவர், இவ்வாண்டு கட்டிப்போடக் கூடாது என்றது ஏன் என ஒரு முறை ஒன்பதாம் வகுப்பு மாணவன் என்னைக் கேட்டான். முதலில் அவர் பேசியது தம் மக்களின் பிரதிநிதியாக. பின்னர் பேசியது மன்றத்தின் பொறுப்பாளராக என்று சொல்லி வைத்தேன். அவ்விடை எனக்கே முழு நிறைவு தரவில்லை. ஆயினும் 1949 நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய உரையில், அரசியலில் சமத்துவமும் பொருளியலில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் உடன் வாழ முடியாதென அவர் எச்சரித்ததை நோக்க, உள்ளத்தில் கொள்கை மாறவில்லை என்றே கொள்கிறேன்.

நாடு ஏற்றது கலப்புப் பொருளாதாரத்தை. 1948, 1956 ஆகிய ஆண்டுகளின் தொழிற்கொள்கைத் தீர்மானங்கள் பெருந்தொழில்களை அரசுக்கும் ஏனையவற்றைத் தனியாருக்கும் பிரித்தளித்தன. திட்டத் துறை தமக்குத் தரப்படவில்லை என்ற மனக்குறையும், இந்து சட்ட மசோதா கைவிடப்பட்ட வேதனையும் சேர, 1951-இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தது. அவர் கேட்டவற்றுள் அவர் கண்முன்னே நிறைவேறியது, அரைகுறையாகவேனும், இது ஒன்றுதான். அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். நவம்பரில் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசி, மார்க்சின் இலக்கை ஏற்று, வன்முறை வழியை விலக்கினார். டிசம்பர் 6-இல் மறைந்தார்.

நிலம்? நம் மாவட்டத்திற்கென்றே 1952-இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வேலிக்கு மேல் உடையவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. பண்ணையாள் என்ற பெயரை மாற்றித் தினக்கூலி ஆக்கிவிட்டுத் தப்பியவர் பலர். 1961-இல் உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்றும், 1970-இல் 15 தர ஏக்கர் என்றும் வகுக்கப்பட்டது. இடையில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட பகையில், கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் மாண்டன. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம் குடிசை நின்ற மனையை அதில் வாழ்ந்தவருக்கே உரிமையாக்கியது. நம் கழகத்தின் முதல் மாலைநேர வகுப்பு நடந்ததும், அப்படிப் பட்டா பெற்ற ஒரு மனையின் திண்ணையில்தான்.