ஒரே இரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு... வேலூர் ஐடா ஸ்கடரின் கதை!

வேலூர் சி.எம்.சி-யைத் தெரியாதவங்க தமிழ்நாட்டில் ரொம்பக் குறைவு. வேற எங்கேயும் சரியாகலைன்னா வேலூருக்குப் போய்ப் பாருங்கன்னு உங்க வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பாங்க. ஆனா, அந்த ஆஸ்பத்திரி உருவாகக் காரணமே ஒரே இரவில் இறந்துபோன மூன்று கர்ப்பிணிகள்தான்னு உங்களுக்குத் தெரியுமா?

அந்த இரவுக்குச் சாட்சியாக இருந்தவர் ஐடா ஸ்கடர்.

டாக்டர் குடும்பத்தில் ஒரு 'நோ'

1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டை. அமெரிக்க மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடர் வீட்டில் பிறந்தார் ஐடா. தாத்தாவும் டாக்டர். 1819-லேயே இலங்கைக்கு வந்து மருத்துவம் பார்த்தவர். குடும்பத்தில் யாரைத் தொட்டாலும் டாக்டர் அல்லது மிஷனரிதான்.

ஐடாவுக்கு அந்த வாழ்க்கையே வேண்டாம். 1870-களின் கொடும் பஞ்சத்தில் குழந்தைகள் பசியால் சாவதைச் சின்ன வயசிலேயே பார்த்துவிட்டார். அமெரிக்காவில் படிச்சு, அங்கேயே செட்டில் ஆகி, ஜாலியா இருக்கணும். அவ்வளவுதான் கனவு. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் அம்மாவைப் பார்த்துக்கிட்டுத் திரும்பிடலாம் என்பதுதான் பிளான்.

அந்த இரவு

ஓர் இரவு கதவு தட்டும் சத்தம். வாசலில் ஒரு பிராமண இளைஞர். வீட்டில் மனைவிக்குக் கஷ்டமான பிரசவம், நீங்க வந்து காப்பாத்தணும்னு கெஞ்சுகிறார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்கிறார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்க்கக் கூடாதுன்னு அவர் திரும்பிப் போய்விடுகிறார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் கணவர். அதே அவசரம், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்துக் கணவர். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

ஐடாவுக்கு அன்று தூக்கமே இல்லை. விடிந்ததும் விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கணவர்கள் மூவரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நடுராத்திரியில் பதறி ஓடி வந்தவங்க. பக்கத்திலேயே டாக்டரும் இருந்தார். பாசமும் இருந்தது, மருத்துவமும் இருந்தது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு 'கூடாது' இருந்தது. மூன்று உயிர்களும் அங்கேதான் போயின.

காலையில் ஐடா அப்பா அம்மாவிடம் போய், அமெரிக்காவில் டாக்டருக்குப் படிச்சுட்டு இங்கேயே திரும்பி வரப்போகிறேன்னு சொல்லிவிட்டார்.

சின்ன அறையில் தொடங்கிய ஆஸ்பத்திரி

பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கினார். பெண்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் என்பவர், மறைந்த தன் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ல் வேலூரில் வேலை ஆரம்பம். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். அனுபவமுள்ள டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்ற தைரியமும் போயிற்று. வீட்டில் ஒரு சின்ன அறைதான் கிளினிக். மருத்துவம் படிக்காத சலோமி என்ற பெண்ணைப் பழக்கி, உதவிக்கு வைத்துக்கொண்டார். அங்கிருந்து ரெண்டு வருஷத்தில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது, 1902-ல்.

ரெண்டு கை போதாது

பிரசவச் சிக்கலுக்கு ஒரு குணம் உண்டு. அது நேரம் பார்த்து வராது, ஆள் பார்த்தும் வராது. ஒரு ஊரில் ஒரே ஒரு டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரே நேரத்தில் மூன்று வீட்டில் இருக்க முடியாது. ஐடாவுக்கு இது சீக்கிரமே புரிந்தது.

அதனால் அவர் ஆட்களை உருவாக்க ஆரம்பித்தார். 1909-ல் நர்சிங் பள்ளி. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டு வண்டி, பிறகு கார் என்று போய், மரத்தடியில் நின்று வைத்தியம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி ஆஸ்பத்திரியே போனது. 1918 ஆகஸ்ட் 12-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் படிக்க வருவாங்களான்னு அதிகாரிகளே சந்தேகப்பட்டாங்க. ஆனா 1922-ல் 14 பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தாங்க.

1930-களின் கடைசியில் பெரிய அடி. இனி டிப்ளமோ செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம் தரும் அளவுக்குக் கல்லூரியை உயர்த்தணும் என்றது அரசு. 70 வயதில் ஐடா அமெரிக்கா போய், ஊர் ஊராக அலைந்து நிதி திரட்டினார். கல்லூரி பிழைத்தது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் யார் தெரியுமா? ஹில்டா லாசரஸ். மகப்பேறு மருத்துவர், ஒரு பெண்!

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89.

நம்ம ஊர்ல இப்போ?

ஐடா வாழ்நாள் முழுக்கப் போராடியது ஆளுக்காகவும் தூரத்துக்காகவும். இதை தாராபுரத்தில் இருந்து படிக்கிறீங்கன்னா, உங்க நிலைமை எவ்வளவோ தேவலை. ஊர்லயே ஜி.எச் இருக்கு. சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர், அங்கே 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. போன் பண்ணினா 108 வரும். லேடி டாக்டர் இல்லையே என்ற பேச்சும் குறைஞ்சிடுச்சு.

ஆனா அந்தக் 'கூடாது' வேற உருவத்தில் இன்னும் இருக்கு. விடியட்டும், பார்த்துக்கலாம். அவர் நைட் ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம். இப்படி.

எல்லாமே சகஜம் இல்லைங்க. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்னா கால் வீங்குவது சாதாரணம். ஆனா முகமும் கையும் திடீர்னு வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி... இவை ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறியாக இருக்கலாம். விட்டால் வலிப்பு வரலாம். பி.பி 140/90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் போகணும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறதா? பிரசவத்துக்கு முந்தைய மாதத்தில் இருந்து, பெற்ற பிறகு ஐந்து மாதம் வரை இதயத் தசை பலவீனமாகும் அபூர்வமான பிரச்னை ஒன்று உண்டு. ஏற்கெனவே சிசேரியன் ஆனவங்களுக்கு நஞ்சு கீழே இறங்கி, பழைய தழும்பில் ஒட்டியிருந்தால், பிரசவத்தில் கட்டுப்படாத ரத்தப்போக்கு வரலாம். ஸ்கேனில் முன்கூட்டியே தெரிஞ்சா, ரத்தம் தயாராக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது, ரத்தம் படுவது, காய்ச்சல்... எதுவானாலும் உடனே கிளம்பணும்.

ஏழாம் மாதத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிடுங்க. எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, ரத்தம் தேவைன்னா யார் வருவாங்க, கூட யார் போவாங்க. முக்கியமா, கணவர் ஷிப்ட்டில் இருந்து போனை எடுக்கலைன்னா, கிளம்பலாம்னு யார் முடிவு பண்றது?

அந்தக் கடைசிக் கேள்விக்கு, கர்ப்பமா இருக்கிற பெண்ணின் பெயரையே முதல் பதிலா எழுதி வைங்க.