கண் கூசாத விளக்கு!

குட்டீஸ்... எரியும் பல்பை நேராகப் பார்த்தால், கண் கூசுகிறதல்லவா! இந்த கூச்சத்தைப் போக்கவே, வாழ்நாளெல்லாம் உழைத்தவர், பவுல் ஹென்னிங்சன்.

டென்மார்க் நாட்டில், 1894ல் பிறந்தார். சிறுவயதில், மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்தார். பின், மின்விளக்கு வந்தது. வெளிச்சம் கூடியது, கண்ணும் கூசியது.

கட்டடங்களை வடிவமைக்கும் தொழிலுக்கு வந்ததும், இதற்கு வழி தேடினார். பல்பைச் சுற்றி, ஒன்றன் கீழ் ஒன்றாக, மூன்று வளைந்த மூடிகளைப் பொருத்தினார். பல்பு மறைந்தது, வெளிச்சம் மூடிகளில் பட்டு, மென்மையாகப் பரவியது. பூ வேலைப்பாடு எதுவும் கிடையாது. அவர் பெயரின் முதல் எழுத்துக்களான, 'பி.எச்.,' என்ற பெயரில், 1926ல் இவ்விளக்கு அறிமுகமானது.

இரண்டாம் உலகப் போரில், டென்மார்க்கை ஜெர்மனி பிடித்தது. விமானங்களுக்கு ஊர் தெரியாதபடி, இரவில் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். கோபன்ஹேகன் நகரின் டிவோலி பூங்கா என்னாவது? தரைக்கு மட்டும் ஒளி தந்து, வானிலிருந்து பார்த்தால் தெரியாத விளக்கை உருவாக்கினார், ஹென்னிங்சன். பூங்கா, இரவிலும் இயங்கியது.

ஆபத்து நெருங்கவே, 1943ல், சிறு படகில் கடல் கடந்து, சுவீடனுக்கு தப்பினார். போர் முடிந்ததும் திரும்பி, மேலும் பல விளக்குகளை வடிவமைத்தார். 1967ல் மறைந்தார்.

உங்கள் படிப்பு மேஜை விளக்கைப் பாருங்கள். வெளிச்சம் விழ வேண்டியது புத்தகத்தில், கண்ணில் அல்ல!