வேதாகமம் மொழிபெயர்த்த சைவர்

சென்னைக்கு மேற்கே கொரட்டூரில் எங்கள் இல்லம் உள்ளது. அடுத்துள்ள பாடியிலே, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருவலிதாயம் என்னும் சிவாலயம் இருக்கின்றது. என்னோடு நாடோறும் ரயில்வண்டியிற் கல்லூரிக்கு வரும் நண்பர் ஒருவர், அவ்வாலயத்தை வழிபட்டு நெற்றியில் நீறு துலங்க வருபவர். சென்ற மார்கழியில் ஒருநாட் காலை, நிலையத்தில் வண்டியை எதிர்நோக்கி நின்றபொழுது, அவர் என்னை ஒன்று வினவினார். யான் அவர் வீட்டிலும் அவர் என் வீட்டிலும் பிறந்திருப்பின், இன்று யார் எந்த மதத்தை மெய்யென்று சொல்லிக்கொண்டிருப்போம் என்பதே அவ்வினா. அவர் பகையாகக் கேட்டவர் அல்லர். ஆயினும் எனக்கு நாவெழவில்லை. வண்டி வந்தமையால் அன்று தப்பினேன்.

ஒவ்வொருவரும் தத்தம் மதமே மெய்யென்று கொள்வதற்குக் காரணம் பிறர் மதத்தை அறியாமையே என்று பலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். தமிழ் வகுப்பிற்காக யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த பின்னர் அவ்வெண்ணம் நிலைகொள்ளவில்லை. கிறித்தவ வேதத்தை அவர் அறிந்த அளவிற்கு அறிந்த கிறித்தவர் நம்முள் எத்துணைப்பேர்? அறிந்தும் அவர் சைவராகவே இருந்தார். இருந்தார் என்பதினும், அறிந்தபின்னரே முன்னிலும் உறுதியான சைவரானார் என்பது பொருந்தும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள் நல்லூரிலே கந்தர் என்பாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் பிள்ளையாய்ப் பிறந்தார். தந்தையார் நாடகங்கள் இயற்றும் புலமை வாய்ந்தவர். அவர் ஒரு நாடகத்தை எழுதி முடிக்குமுன் இறந்தனர் என்றும், ஒன்பது வயதுச் சிறுவராகிய ஆறுமுகம் அவ்வேட்டை எடுத்து எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். தந்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கும் இச்செயலை அவர் வாழ்வு முழுமைக்கும் ஓர் அடையாளமாகவே யான் கொள்கின்றேன். பின்னர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார்.

ஆங்கிலம் கற்க வேண்டி, யாழ்ப்பாணத்திலே உவெசிலியன் சங்கத்துப் பாதிரிமார் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். பீற்றர் பெர்சிவல் என்னும் பாதிரியார் அதன் தலைவராயிருந்தார். மாணாக்கரின் திறமையைக் கண்ட பாதிரியார், அவருக்கு இருபது வயது நிரம்புமுன்னரே அப்பாடசாலையில் ஆசிரியராக அமர்த்தினார். ஏறத்தாழ என் வயதே அவர்க்கு அப்பொழுது; யானோ இன்னும் நன்னூலுக்கு உரை தேடிக்கொண்டிருக்கின்றேன்!

பெர்சிவல் பாதிரியார் அக்காலத்து வேதாகமத்தைத் தமிழிற் புதிதாக மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டிருந்தார். அதற்குத் துணையாக அவர் தெரிந்தெடுத்தவர் நீறணிந்த இவ்விளைஞர். ஞானஸ்நானம் பெறவேண்டும் என்னும் நிபந்தனையின்றி இவரை உடன் வைத்துக்கொண்டமை பாதிரியாரின் பெருந்தன்மைக்குச் சான்று. ஒரு நூலை மேலோட்டமாகப் படிப்பது வேறு, மொழிபெயர்ப்பது வேறு. மொழிபெயர்ப்போன் ஒரு சொல்லையேனும் கடந்து போதல் இயலாது. ஆதியாகமத்துப் படைப்பும், எரேமியாவின் புலம்பலும், மலைப்பிரசங்கமும், பவுலடிகளின் நிருபங்களும் ஒவ்வொரு சொல்லாக இவர் கைவழியே சென்றன.

பணி முற்றுப்பெற்றபின் இருவரும் சென்னைக்கு வந்தனர். மொழிபெயர்ப்பின் தமிழ்நடையைப் பற்றி இங்கே ஐயம் எழுந்ததென்றும், மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு நன்றென்று ஒப்பினர் என்றும் கூறுவர். மொழிபெயர்த்தவர் சைவர், தேர்ந்து பார்த்தவரும் சைவர் என்பதை நம் சபையார் பலர் அறியார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. அதன் நடை கற்றோர்க்கன்றிப் பிறர்க்கு எட்டாதென்று குறை கூறப்பட்டமையால் நிலைபெறவில்லை. 1871இல் ஹென்றி பவர் ஐயர் முதலியோரின் திருத்தமே நிலைபெற்று, இன்றும் நம் வீடுகளில் உள்ளது. ஆயினும் முன்னைய பதிப்புகளிற் பராபரன் என்றிருந்த இடத்திலே தேவன் என்னும் சொல்லை ஆண்டது பெர்சிவல் பதிப்பே. பவர் ஐயரும் அதனையே கொண்டார். அச்சொல்லை அமைத்ததில் நாவலர்க்கு எத்துணைப் பங்கு என்பதை யான் அளந்து கூறவில்லை. எனினும் சிறுவயதுமுதல் யான் மண்டியிட்டுச் சொல்லிவரும் அச்சொல், அவர் அமர்ந்து பணிசெய்த மேசையின் வழியாக வந்ததென்று அறிந்த நாளில் என் உள்ளம் ஒரு கணம் அசைந்தது உண்மை.

இனி, பாதிரியாரோடு பணிசெய்த அவ்வாண்டுகளில் நாவலர் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது? அவர் காலத்துப் பாதிரிமார், தீபம், தூபம், நைவேத்தியம், தீட்டு, திருவிழா முதலிய ஆலய ஒழுக்கங்களை மூடக்கொள்கை என்று துண்டுப் பிரசுரங்களிலே இகழ்ந்து வந்தனர். நாவலரோ யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் படிக்குந்தோறும் அங்கே வேறொன்றைக் கண்டார். ஆசரிப்புக் கூடாரத்திலே அணையாத விளக்கு, பொற்பீடத்திலே நறுந்தூபம், சமுகத்தப்பம், ஆசாரியர்க்குத் தனியுடை, தீண்டலாகாதவை, கழுவவேண்டியவை என்னும் விதிகள், ஆண்டுதோறும் பண்டிகைகள். பாதிரிமார் எருசலேமைக் காட்டினர். அவர் அங்கே நல்லூரைக் கண்டார். 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலில் இவ்வொப்புமைகளையே எடுத்துக்காட்டி, இவை உங்கள் வேதத்திற் புனிதமாயின் எங்கள் ஆலயத்தில் இழிவாதல் எங்ஙனம் என்னும் பொருள்பட வாதித்தார். கிறித்துவின் பலியால் அப்பழைய முறைகள் நிறைவெய்தின என்பது நம்மவர் விடை. அவ்விடையை யானும் ஏற்கின்றேன். ஆனால் என் வீட்டிலும் ஞாயிறு பாடசாலையிலும் சிறுவயதிலேயே கேட்டமையால் அது எனக்கு எளிதில் விளங்குகின்றது என்பதையும் மறைத்தலாகாது. ஒரே ஏட்டைப் பாதிரியார் எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஒளியிற் படித்தார். நாவலர் ஆகமங்களின் ஒளியிற் படித்தார். விளக்கைக் கையிற் கொடுத்தது இருவர்க்கும் அவரவர் வீடே.

அங்ஙனமாயின் பிறப்பே எல்லாமோ? ஈண்டுத்தான் அவர் வாழ்வின் சிறந்த பகுதி வருகின்றது.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே நாவலர் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. அப்பொழுதும் அவர் பெர்சிவல் பாடசாலையின் ஆசிரியரே! பகலிற் பாதிரியாரின் பள்ளி. வெள்ளி மாலையிற் சிவாலயத்து மண்டபம். பிரசங்கம் என்னும் அம்முறையையும் அவர் பாதிரிமாரிடமிருந்தே கற்றார் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். 1848இலே சைவப்பிள்ளைகள் கற்பதற்கு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலே பாதிரியாரின் பணியை விட்டு விலகினார். மிகுந்த சம்பளம் தருவதாகப் பாதிரியார் வேண்டியும் அவர் இசைந்திலர் என்பர். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. இல்லறமும் ஏற்றிலர். பிறப்பினால் வந்த சமயத்தை அவர் வாளா வைத்துக்கொள்ளவில்லை. ஊதியத்தையும் இல்வாழ்வையும் விலையாகக் கொடுத்து மறுபடியும் வாங்கினார் என்றே சொல்லலாம்.

அதன்பின் அவர் ஆற்றியவை பலரும் அறிந்தவை. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டவர், இடைவழியில் திருவாவடுதுறை ஆதீனத்தாரால் நாவலர் என்னும் பட்டம் பெற்றார். பாலபாடங்கள், வசன நடையிற் பெரியபுராணம், பரிமேலழகர் உரையோடு திருக்குறள் எனப் பிழையற்ற பதிப்புகள் வெளிவந்தன. 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. சைவ வினாவிடை என்னும் நூலின் அமைப்பைக் காணும் கிறித்தவப் பிள்ளை எவரும், தாம் மனப்பாடம் செய்த ஞானோபதேச வினாவிடையை நினையாதிரார். பஞ்ச காலத்திலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார்.

அவர்பால் எனக்கு உடன்பாடில்லாதனவும் உள. சாதியொழுக்கத்தைச் சமயத்தினின்றும் பிரித்துக் காண அவர் இசைந்திலர். பாலபாடத்திலும் அதனையே கற்பித்தார். இதனைச் சொல்லும்பொழுது நம் திருச்சபை வரலாற்றையும் மறத்தல் தகாது. தேவாலயத்திற் சாதிவேறுபாடு கூடாதென்று 1833இல் டானியல் வில்சன் அத்தியட்சர் கட்டளையிட்டபொழுது, அதற்கு இணங்காமற் சபையை விட்டுச் சென்ற தமிழ்க் கிறித்தவர் பலர்.

தம் மதமே மெய்யென்னும் உறுதி, மத எல்லையோடு நிற்பதில்லை என்பதும் அவர் வாழ்விற் காணத்தக்கது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமவிதி பிழைத்தது என்று கோயிலாரோடு மாறுபட்டார். சைவத்துள்ளேயே இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என வழங்குதல் தகாதென்று வாதிட்டார். அப்பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அங்கே நிகழ்ந்ததை வள்ளலார் வழியினர் ஒருவகையாகவும் நாவலர் வழியினர் வேறொருவகையாகவும் சொல்லி வருகின்றனர். ஒரே தெய்வத்தை ஒரே மொழியில் வழிபட்ட இருவர்க்கிடையே இஃதாயின், பெர்சிவலுக்கும் நாவலர்க்கும் உடன்பாடு எய்தாமையில் வியப்பென்ன?

ஆயினும் வீடு கொடுத்த விளக்கை ஒருவர் மாற்றிக்கொள்ளவே இயலாதென்று யான் சொல்லத் துணியேன். நாவலர்க்கு ஐந்தாண்டு இளையவர் திருநெல்வேலிக் கிருஷ்ண பிள்ளை. பழுத்த வைணவக் குடியில் வந்தவர். சாயர்புரத்திற் பாதிரிமார் பள்ளியில் தமிழாசிரியராயிருந்தவர். அவரும் அதே வேதத்தைப் படித்தார். 1858இற் சென்னையிலே ஞானஸ்நானம் பெற்றார். மறுபுறம், சென்னைச் சருவகலாசாலையில் முதன்முதற் பட்டம் பெற்ற யாழ்ப்பாணத்தார் இருவருள் ஒருவரான தாமோதரம் பிள்ளை, கிறித்தவராயிருந்து பின்னர்ச் சைவரானார். போனவரும் உண்டு, வந்தவரும் உண்டு. ஆனால் கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைப் படிப்போர், புதிய ஆண்டவரைக் கம்பன் காட்டிய பழைய நடையிலேயே அவர் பாடினார் என்பதைக் காண்பர். விளக்கை மாற்றினவரும் திரியை மாற்றவில்லை போலும்.

1879ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையன்று நாவலர் செய்த பிரசங்கமே அவர்தம் கடைசிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் தம் ஐம்பத்தாறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பெர்சிவலோ அதற்கு நெடுங்காலம் முன்னரே யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னை சேர்ந்து, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தியும், மாநிலக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி வெளியிட்டும் காலங்கழித்தார். தாம் வளர்த்த மாணாக்கர் மறைந்து மூன்றாண்டு சென்றபின், 1882இல் ஏற்காட்டில் உயிர்நீத்தார்.

இவ்வளவும் படித்தபின் ஒருநாள் நிலையத்திலே நண்பருக்கு விடை கூறினேன். அவர் வீட்டிற் பிறந்திருப்பின் யான் நீறணிந்தே நின்றிருப்பேன், அதில் ஐயமில்லை. ஆனால் பிறப்பினால் பெற்றதை நாவலரைப்போல் விலைகொடுத்து வாங்கினேனா என்பதே என்னை வருத்துகின்றது, இதுகாறும் யான் எதனையும் கொடுத்திலேன் என்றேன். தாமும் கொடுத்ததில்லை என்றார் அவர். சிறிதுநேரம் இருவரும் பேசவில்லை.

மறுநாள் அவர் தம் பாட்டனார் வைத்திருந்த நாவலர் வசனப் பெரியபுராணத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். யான் என் வேதாகமத்தை அவருக்குக் கொடுத்தேன். இப்பொழுது யான் கண்ணப்ப நாயனாரிடத்தில் நிற்கின்றேன். அவர் யாத்திராகமத்தின் பிற்பகுதிக்கு வந்துவிட்டார். தூபபீடத்திற்கு நீள அகலம் எத்தனை முழம் என்று நேற்று வண்டியில் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அவரே புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்.