தையல் இயந்திரமும் லாலா ஸ்ரீராமும்

பாலிகஞ்சின் பழைய வீடுகளில் சாளரத்தின் ஓரமாகக் கறுப்பு நிறத் தையல் இயந்திரம் நிற்பதை இன்றும் காணலாம். வார்ப்பிரும்பால் ஆன கால்கள், அவற்றின் மேல் மரப்பலகை, வலப்புறத்தில் ஒரு சக்கரம், கீழே மிதிபலகை, தலைப்பகுதியில் பொன்னிற எழுத்துகளில் ‘உஷா’ என்னும் பெயர். ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் வட்டாரங்களில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வியந்திரம் புதியதன்று. பாவாடைக்கு ஓரம் அடிப்பதற்கும், பள்ளிச் சீருடையின் கிழிசலைத் தைப்பதற்கும், அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சிறு வருவாய் ஈட்டுவதற்கும் அது துணையாக இருந்தது.

இவ்வியந்திரம் தொலைதூர நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததன்று. பாலிகஞ்சுக்கு அருகில், தென் கொல்கத்தாவிலேயே உருவானது. அதை வளர்த்தெடுத்தவர் லாலா ஸ்ரீராம்.

இளமையும் உழைப்பும்

லாலா ஸ்ரீராம் 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் தில்லியில் பிறந்தார். அவருடைய தந்தையார் மதன் மோகன் லால், 1889-இல் தொடங்கப்பெற்ற தில்லித் துணி ஆலையில் பொறுப்பு வகித்தார். இளைஞர் ஸ்ரீராமும் அதே ஆலையில் பணியில் சேர்ந்தார். பஞ்சு வாங்குவது முதல் துணி விற்பது வரை ஆலைத் தொழிலின் ஒவ்வொரு படியையும் நேரில் கண்டு கற்றார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. படைவீரர்கள் தங்குவதற்குக் கூடாரங்கள் பெருமளவில் தேவைப்பட்டன. அவற்றைச் செய்து கொடுக்கும் பணியை ஸ்ரீராம் முன்னின்று நடத்தினார். துணியை அளந்து வெட்டி உறுதியாகத் தைத்தால்தான் கூடாரம் காற்றையும் மழையையும் தாங்கும். தையல் என்னும் சிறிய செயலின் பெரிய பயனை அவர் அப்போதே அறிந்திருக்க வேண்டும். அப்பணியில் கிடைத்த வருவாயைக் கொண்டு ஆலையின் பங்குகளை வாங்கினார். காலப்போக்கில் ஆலையின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

செல்வம் சேர்ந்தபோது கல்வியையும் அவர் மறக்கவில்லை. 1920-இல் தில்லியில் வணிகப் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். 1926-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. இன்று ஸ்ரீராம் வணிகக் கல்லூரி என்று நாடறிந்து நிற்பது அதுவே.

கடல் கடந்து வந்த இயந்திரம்

அக்காலத்தில் இந்தியாவில் தையல் இயந்திரம் என்றாலே சிங்கர் என்னும் பெயர்தான் நினைவுக்கு வரும். ஐசக் மெரிட் சிங்கர் என்னும் அமெரிக்கர் 1851-இல் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருடைய நிறுவனத்தின் இயந்திரங்கள் இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கின. முழு விலையையும் ஒரே நேரத்தில் கொடுக்க இயலாத தையற்காரர்களுக்குத் தவணை முறையில் அவை விற்கப்பட்டன. கடைத்தெருத் திண்ணைகளில் எல்லாம் சிங்கரின் ஓசை கேட்டது. ஆயினும் இயந்திரமும் அதன் உறுப்புகளும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன.

பெரிய இயந்திரங்கள் மனிதரின் கைத்தொழிலைப் பறித்துவிடும் என்று அஞ்சிய காந்தியடிகள், தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காகக் கருதினார். அது மனிதரின் உழைப்பைக் குறைக்கிறது. ஆனால் மனிதரை வேலையிலிருந்து விரட்டுவதில்லை என்பது அவர் எண்ணம். 1924-இல் சாந்திநிகேதன் மாணவராகிய ஜி. இராமச்சந்திரன் இதுபற்றி அவரிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். தையல் இயந்திரம் வேண்டும் என்றால், அதைச் செய்வதற்கு மின்விசையால் இயங்கும் தொழிற்சாலையும் வேண்டுமே என்பதுதான் அந்த ஐயம். காந்தியடிகள் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அத்தகைய தொழிற்சாலை நாட்டுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்று விரும்பினார். ஐயம் எழுப்பிய இராமச்சந்திரனே பின்னாளில் டாக்டர் டி. எஸ். சௌந்தரத்துடன் இணைந்து திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தை உருவாக்கினார்.

இந்த உரையாடல் நிகழ்ந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, கொல்கத்தாவில் அத்தகைய தொழிற்சாலை ஒன்று எழுந்தது. ஆனால் அது அரசுடையதாக அன்றித் தனியார் உடைமையாகவே தோன்றியது.

தளர்ந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்

1930-களின் நடுப்பகுதியில் பிஷன் தாஸ் பாசில் என்பவர் ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இந்தியாவிலேயே தையல் இயந்திரம் செய்ய முற்பட்டார். தம் மகளின் பெயரையே இயந்திரத்திற்குச் சூட்டினார். அப்பெயர்தான் உஷா.

தையல் இயந்திரம் செய்வது எளிய செயலன்று. மேல் நூல் ஊசியில் கோக்கப்படுகிறது. கீழ் நூல் பாபினில் சுற்றப்படுகிறது. ஊசி துணியைத் துளைத்துக் கீழிறங்கி, மீண்டும் மேலெழத் தொடங்கும் நொடியில் நூல் சிறு வளையமாக விரிகிறது. அவ்வளையத்தைக் கீழேயுள்ள கொக்கி பற்றிக் கீழ் நூலைச் சுற்றி வரச் செய்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொள்ள, ஒரு தையல் விழுகிறது. கொக்கி மயிரிழை அளவு விலகினாலும், நொடியில் சிறு பகுதி தாமதித்தாலும் தையல் தப்பிவிடும். வார்ப்பிரும்பை வார்க்கவும், எஃகைக் கடினமாக்கவும், உறுப்புகளை ஒன்றுபோலவே கடையவும் தேர்ந்த கைகள் வேண்டும். நல்ல கருவிகள் வேண்டும். அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டும். போதாக்குறைக்கு, வெளிநாட்டுப் பெயரையே நம்பிப் பழகிய மக்கள் உள்நாட்டுப் பொருளை ஐயத்துடனே நோக்கினர்.

பாசிலின் முயற்சி பொருளின்றித் தளர்ந்தது. 1938-இல் அந்நிறுவனத்தை லாலா ஸ்ரீராம் ஏற்றுக்கொண்டார். துணியும் சர்க்கரையும் அவர் அறிந்த தொழில்கள். வார்ப்படமும் கடைசல் பொறியும் அவருக்குப் புதியவை. தொழிற்சாலையோ அவர் வாழ்ந்த தில்லியிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பட்டறிவு மிக்க வணிகர் ஒருவர் விலகிச் செல்வதற்கு இவையே போதிய காரணங்கள். ஸ்ரீராம் விலகவில்லை. ஊசி முதல் இயந்திரம் வரை பிற நாட்டை எதிர்பார்க்கும் நிலை மாற வேண்டுமாயின், யாரேனும் ஒருவர் இழப்புக்கு அஞ்சாமல் தொடங்கத்தான் வேண்டும்.

நிறுவனம் கைமாறிய பின்னும் இயந்திரத்தின் பெயர் மாறவில்லை. விலைகொடுத்து வாங்கியவர் தம் பெயரையோ தம் குடும்பத்தாரின் பெயரையோ அதில் பொறித்திருக்கலாம். ஸ்ரீராம் அவ்வாறு செய்யவில்லை. தொடங்கியவர் சூட்டிய பெயரே நிலைத்தது.

வளர்ச்சி

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பொருள்களின் வரவு சுருங்கியது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. அதே நேரத்தில் வங்காளம் பிரிவினைக்கு உள்ளாயிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்தோர் யாதவ்பூர் முதலிய தென் கொல்கத்தாப் பகுதிகளில் குடியேறினர். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு பல பெண்கள்மீது விழுந்தது. அவர்களுக்குத் தையல் ஒரு வாழ்வழியாயிற்று. ஒரு மூலையில் வைக்கப்பட்ட இயந்திரம் ஒரு குடும்பத்திற்கே சோறிட்டது. வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

ஸ்ரீராமின் இளைய மகன் சரத் ராம் ஜெய் எஞ்சினியரிங் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று நடத்தினார். உஷா தையல் இயந்திரங்கள் நாடெங்கும் பரவின; வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. ஒருகாலத்தில் இறக்குமதியையே நம்பியிருந்த நாடு, தானே செய்து பிறருக்கு விற்கும் நிலைக்கு உயர்ந்தது.

லாலா ஸ்ரீராம் 1948-இல் அமைந்த இந்தியத் தொழில் நிதிக் கழகத்தின் முதல் தலைவராகவும் பணியாற்றினார். மறைந்த தம் மனைவியார் பூலன் தேவியின் நினைவாக 1956-இல் தில்லியில் லேடி ஸ்ரீராம் மகளிர் கல்லூரியை நிறுவினார். 1963-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், தம் 78-ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆலை மறைந்தது, இயந்திரம் நின்றது

ஸ்ரீராம் மறைந்த பின்னர் தொழிலாளர்களுக்கும் நிருவாகத்திற்கும் இடையே கடும் பிணக்குகள் எழுந்தன. தொழிலாளர்கள் நிருவாகத்தினரைச் சூழ்ந்து நின்று வெளியேறவிடாமல் தடுக்கும் ‘கெராவ்’ என்னும் போராட்ட முறை குறித்து, 1967-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு, ஜெய் எஞ்சினியரிங் நிறுவனம் தொடுத்த வழக்கில்தான் வந்தது. பின்னாளில் பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இருந்த தொழிற்சாலையும் மறைந்தது. பாலிகஞ்சிலிருந்து தாகுரியாவைக் கடந்து அச்சாலைக்குச் செல்வோர் இன்று அங்கே காண்பது சவுத் சிட்டியின் வானுயர்ந்த குடியிருப்புகளையும், 2008-இல் திறக்கப்பட்ட பேரங்காடியையுமே.

தொழிற்சாலை மறைந்தாலும் அங்கே செய்த இயந்திரங்கள் மறையவில்லை. பழைய தையல் இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்போரும், பழுது நீக்கி மீண்டும் ஓடச் செய்வோரும் உலகின் பல நாடுகளில் உள்ளனர். இயந்திரத்தின் அடிப்பலகையில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டு அதன் வயதை அவர்கள் ஆராய்கின்றனர்.

நெடுநாள் கிடந்து இறுகிப்போன இயந்திரத்தை வலிந்து சுழற்றுதல் கூடாது. எண்ணெய்த் துளைகளில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். பழைய எண்ணெயின் பிசுக்கு இளகிய பின்னர் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். பற்களின் இடையே அடைந்துள்ள பஞ்சையும், சக்கரத்தில் சிக்கியுள்ள நூலிழைகளையும் மெல்லிய தூரிகையால் நீக்க வேண்டும். பொன்னெழுத்துகளை அழுத்தித் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் அவை உதிர்ந்துவிடும். இறுதியாகத் தையல் இயந்திரத்திற்கு உரிய எண்ணெயை இட வேண்டும். சமையல் எண்ணெயை இட்டால் அது நாளடைவில் பசைபோல் இறுகிவிடும். தோல்வாரையும் ஊசியையும் புதிதாக மாற்றினால், பல்லாண்டு உறங்கிய இயந்திரமும் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

அது இயலுவதற்குக் காரணம் இயந்திரம் செய்யப்பட்ட முறையே. அதன் உறுப்புகள் இரும்பாலும் எஃகாலும் ஆனவை, திருகுகளால் பொருத்தப்பட்டவை, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டத்தக்கவை. வாங்கியவர் தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்லும் வகையில் அதைச் செய்திருக்கின்றனர்.

பழுது நீக்குவோரின் கைகளில் தூசியும் துருவும் அகலும்போது, முதலில் ஒளிர்வது அந்தப் பொன்னிறப் பெயர்தான். அது செல்வந்தர் ஒருவரின் பெயரன்று; தளர்ந்துபோன ஒரு தந்தை தம் மகளுக்கு இட்ட பெயர். உஷா என்பதற்கு விடியல் என்று பொருள்.

அருஞ்சொற்பொருள்

சாளரம் – சன்னல்
காப்புரிமை – புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சட்டம் வழங்கும் உரிமை
விதிவிலக்கு – பொதுவான விதிக்கு உட்படாதது
பட்டறிவு – அனுபவம்
கடைசல் பொறி – உலோகத்தைச் சுழற்றிச் செதுக்கும் இயந்திரம்
பிணக்கு – கருத்து மாறுபாடு, சச்சரவு

விடை எழுதுக

1. கூடாரம் செய்யும் பணி ஸ்ரீராமின் வாழ்வில் எவ்வகையில் திருப்புமுனையாக அமைந்தது?
2. தையல் இயந்திரத்தைக் காந்தியடிகள் விதிவிலக்காகக் கருதியது ஏன்? இராமச்சந்திரன் எழுப்பிய ஐயம் யாது?
3. இரு நூல்கள் சேர்ந்து ஒரு தையலாகும் முறையை விளக்குக.
4. இயந்திரத்தின் பெயரை ஸ்ரீராம் மாற்றாமல் விட்டதிலிருந்து அவருடைய பண்பைப் பற்றி நீங்கள் அறிவது யாது?

செயல்பாடு

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிக. அது எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினர், எத்தனை முறை பழுது நீக்கப்பட்டது என்பவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.