நிக்கலாஸ் ரிக்கன்பாக்

நீலகிரியில் குன்னூரைக் கடந்து உதகை நோக்கிச் செல்லும் சிறு புகைவண்டி, உதகையை அடையுமுன் இறுதியாக நிற்கும் ஊர் லவ்டேல் என்பது. லாரன்ஸ் பள்ளி அமைந்திருத்தலால் பெயர்பெற்றது அவ்வூர். அங்கே ஏறிச் செல்வதற்கு வழிகள் இரண்டு. ஒன்று சாலை, மற்றொன்று இருப்புப்பாதை. இரண்டிற்கும் பகை ஒன்றே. அது வழுக்கல்.

சாலையை முதலிற் காண்போம். மழைக்காலத்தில் தோட்டப் புறங்களின் மண்பாதையில் ஏறும் ஜீப்பு வண்டி சிற்சில வேளைகளில் அசைவற்று நின்றுவிடும். பின்சக்கரங்களுள் ஒன்று சேற்றிற் கிடந்து வெறிபிடித்தாற்போற் சுழலும். மற்றொன்று உறுதியான நிலத்தின்மேல் இருந்தும் சும்மா கிடக்கும். எஞ்சினோ முழங்கிக்கொண்டிருக்கும். இதற்குக் காரணம் யாதெனின், அச்சின் நடுவே அமைந்த டிபரன்சியல் என்னும் பல்சக்கரத் தொகுதியே. வளைவுகளில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் மிகுந்த தூரம் ஓடவேண்டியிருத்தலின், இரண்டையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடுவது இத்தொகுதியின் தொழில். ஆயின் இஃது இரு சக்கரங்களுக்கும் ஒத்த அளவு விசையையே பகிர்ந்தளிப்பது. சேற்றிலுள்ள சக்கரத்தைச் சுழற்றச் சிறிது விசையே போதும். ஆகவே மற்றதற்கும் அச்சிறிதே கிடைக்கும். இக்குறையை நீக்க விரும்புவோர் பழைய தொகுதியைக் கழற்றிவிட்டு, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிபரன்சியலை அச்சிற் பொருத்துகின்றனர். அதில் ஒரு வகையினுள்ளே கிளட்ச் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மற்றதனினும் விரைந்தோட முற்படுங்கால், அத்தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதன் ஓட்டத்தைத் தடுத்து, நிலத்தைப் பற்றிய சக்கரத்திற்கு மிகுந்த விசையைச் செலுத்தும். இதனால் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனேனும் கூடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. வலிமை முன்னரே இருந்தது, பற்றுத்தான் இல்லை.

இவ்வுண்மையை மோட்டார் வண்டி தோன்றுமுன்னரே இருப்புப்பாதையிற் கண்டு, அதற்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் சரிதத்தை நாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவர் ஸ்விட்சர்லாந்து தேசத்தவராகிய நிக்கலாஸ் ரிக்கன்பாக். நீலகிரி வண்டியில் ஏறுவோர் பலர். இவர் பெயரை அறிவோர் மிகச் சிலர்.

ரிக்கன்பாக் 1817-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், அல்சேஸ் மாகாணத்தைச் சேர்ந்த கெப்வீலர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஸ்விட்சர்லாந்திலுள்ள பாசல் நகரத்துக் குடும்பத்தினர். சர்க்கரை ஆலை நடத்திவந்தவர். அவர் மகனின் இளமையிலேயே காலமாகிவிட்டார். தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பாசல் நகருக்குத் திரும்பினார். வறுமையில் வளர்ந்த அச்சிறுவர் கல்லூரி வாயிலை மிதித்தாரல்லர். யந்திரத் தொழிலாளியாகவே தம் வாழ்வைத் தொடங்கினார். பின்னர் லியோன் நகரத்திலும் பாரிஸ் நகரத்திலும் பட்டறைகளில் உழைத்துக்கொண்டே, இரவு வேளைகளிற் கணிதமும் இயற்பியலும் பயின்றார். பாரிஸ் நகரிற் புகைவண்டி ஓடக் கண்டதும், தமக்குரிய தொழில் இதுவே எனத் தெளிந்தார்.

1840-இல் ஜெர்மனி தேசத்துக் கார்ல்ஸ்ரூஹ் நகரிலிருந்த கெஸ்லர் யந்திரசாலையில் அமர்ந்தார். அங்கே அவர் மேற்பார்வையில் உருவான நீராவி எஞ்சின்கள் பல. ஸ்விட்சர்லாந்தினுள்ளேயே அமைந்த முதல் இருப்புப்பாதை 1847-இல் ஜூரிச் நகரிலிருந்து பாடன் நகர்வரை திறக்கப்பட்டபோது, அவ்வெஞ்சினை ஓட்டியவரும் ரிக்கன்பாக்கே. சில ஆண்டுகளின் பின் ஸ்விஸ் மத்திய ரயில்வேயிற் சேர்ந்து, ஓல்டன் என்னும் ஊரிலிருந்த பெரும் பட்டறைக்குத் தலைவரானார்.

இங்கேதான் வழுக்கல் அவரை எதிர்கொண்டது. ஓல்டனை அடுத்துள்ள ஹவென்ஸ்டைன் மலைவழியாக 1858-இல் ஓடத் தொடங்கிய பாதை 1000 அடி தூரத்திற்கு 26 அடி உயர்வது. இக்காலத்தார்க்கு இஃதொரு சாய்வாகவே தோன்றாது. ஆயினும் வழவழப்பான இரும்பின்மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம் ஏறவேண்டுமன்றோ? மழையோ பனியோ படிந்துவிட்டால் எஞ்சினின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். தண்டவாளத்தின்மீது மணலைத் தூவி ஒருவாறு ஏற்றுவர். எஞ்சினை மேலும் கனமாகச் செய்தாற் பற்று மிகும் என்பது அக்காலத்துப் பொறிவல்லாரின் கருத்து. கனத்த எஞ்சின் தன் கனத்தையும் தானே சுமந்து ஏறவேண்டும் என்பதை ரிக்கன்பாக் கண்டார். விசையைப் பெருக்குவதாற் பயனில்லை. சக்கரத்திற்குப் பிடி வேண்டும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணிபோன்றதோர் இரும்புச் சட்டத்தைப் பதித்து, அதன் படிகளிற் பொருந்துமாறு எஞ்சினின் அடியிற் பற்சக்கரம் ஒன்றை அமைத்தல் வேண்டும் என்று துணிந்தார். யாக்கோபு கனவிற் கண்ட ஏணியைப்போல் இவ்வேணியும் மேலே செல்வதுதான். ஆனால் இதனிற் போவது தேவதூதரல்லர், பிரயாணிகளே.

1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் இவ்வமைப்பிற்குப் பிரெஞ்சு அரசாங்கத்தாரிடம் காப்புரிமை பெற்றார். ஸ்விட்சர்லாந்தில் அக்காலத்தில் அதற்குரிய சட்டமே இல்லை. அவர்தம் நாட்டு வல்லுநர்களோ இதனை ஏற்கவில்லை, எள்ளினோரும் உளர். அவர்களை நாம் முற்றும் குறைகூற இயலாது. 1812-லேயே இங்கிலாந்தில் பிளெங்கின்சாப் என்பார் பல்வைத்த தண்டவாளத்தில் வண்டியோட்டினார். சமநிலத்தில் பல்லில்லாச் சக்கரமே போதும் என்று பின்னர்த் தெளிந்தமையால், அம்முறை கைவிடப்பட்டது. கழித்த பொருளை மீண்டும் எடுத்து வந்தாரென்றே ரிக்கன்பாக்கைப் பலர் எண்ணியிருத்தல் கூடும். சமநிலத்திற்கு வேண்டாதது மலைக்கு வேண்டும் என்ற சிறு வேற்றுமையை அவர்கள் நினையாது போயினர்.

இக்கருத்து உலகில் அவர் ஒருவருக்கே தோன்றியதென்பது நேர்மையன்று. அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் 1861-லேயே இத்தகையதொரு காப்புரிமை பெற்று, 1869-இல் வாஷிங்டன் மலைமுடிக்கு வண்டி செலுத்தினார். அச்செய்தி ரிக்கன்பாக்கிற்கு ஊக்கமளித்தது. அடுத்து, நேப், சோக்கே என்னும் பொறிவல்லார் இருவரைத் துணைக்கொண்டு, லூசர்ன் ஏரிக்கரையிலுள்ள விட்ஸ்னௌ என்னும் ஊரிலிருந்து ரிகி மலைமீது பாதை அமைக்கத் தொடங்கினார். நடுவே பிரெஞ்சு ஜெர்மானியப் போர் மூண்டமையால் வேலை தடைப்பட்டது. 1871 மே 21-ஆம் நாள், தம் 54-ஆம் பிறந்தநாளன்றே, ஐரோப்பாவின் முதல் பல்சட்ட மலைப்பாதை திறக்கப்பட்டதை அவர் கண்டார். 4 அடிக்கு ஓரடி உயரும் சாய்வுகள் அதனில் உள. ஹவென்ஸ்டைனை நோக்க இஃது ஒன்பது மடங்கிற்கு மேல்.

ஏறியது பெரிதென்று எல்லாரும் வியந்தனர். நமக்கோ, அவர் இறங்கச் செய்ததே பெரிதாகத் தோன்றுகிறது. மலைமேல் ஏறாது நின்றுவிட்ட வண்டியால் எவர்க்கும் கேடில்லை. இறங்குகையிற் கட்டவிழ்ந்த வண்டி என்னாகும்? தேய்கட்டைகளை மட்டும் நம்பினால், நெடுஞ்சரிவில் அவை சூடேறித் தேய்ந்துபோம். ரிக்கன்பாக் எஞ்சினின் உருளைகளையே தடையாக்கினார். இறங்குங்கால் நீராவியை நிறுத்திவிட்டு, உருளைகளுள் வெளிக்காற்றை இழுக்கச் செய்தார். உந்துதண்டு அக்காற்றை அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று சிறு துளையின் வழியே மெல்ல வெளியேறும். அத்துளையைக் குறுக்கினால் வண்டி மெதுவாகும், அகற்றினால் விரையும். சூடு மிகாதிருக்க உருளையுள் சிறிது நீரும் செலுத்தப்படும். வண்டியின் கனமே வண்டியைத் தடுக்கும் இவ்வமைப்பு பிற நாட்டு மலைப்பாதைகளிலும் பரவி, இன்றும் ரிக்கன்பாக் தடை என்றே வழங்குகின்றது.

ரிகிக்குப்பின் வியன்னா, புடாபெஸ்டு நகரங்களின் அருகிலும், பிரேசில் தேசத்துக் கோர்க்கோவாடோ மலையிலும் அவரது ஏணிச்சட்டம் ஏறிற்று. மலைப்பாதை அமைத்தற்கென ஆராவ் நகரில் அவர் தலைமையில் ஏற்பட்ட கம்பெனியோ நெடுநாள் நிலைக்கவில்லை. அறுபதைக் கடந்த வயதில் அவர் மீண்டும் தனித்து நின்று தொழில் செய்யலானார்.

அந்நாட்களிலேதான் நீலகிரியோடு அவருக்குத் தொடர்பு உண்டாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைமேல் ரயில் வேண்டுமென்ற பேச்சு 1854-லேயே எழுந்தது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிக்கன்பாக் இந்நாட்டிற்கு வந்து மலையைப் பார்வையிட்டு, குன்னூர்வரை ரிகியைப்போன்ற பாதை அமைக்க 1,32,000 பவுன் செலவாகும் என மதிப்பிட்டார். கம்பெனியும் ஏற்பட்டது, பணம் சேரவில்லை. பின்னும் ஒரு கம்பெனி தோன்றி, 1891-இல் வேலையைத் தொடங்கி, 1894-இல் முறிந்தது. மூன்றாவது முயற்சியில்தான் 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் குன்னூர்வரை வண்டி ஓடலாயிற்று.

ஆனால் பதிக்கப்பெற்றது ரிக்கன்பாக்கின் ஏணியன்று. ஓல்டன் பட்டறையில் அவரிடம் வேலை பயின்ற ரோமன் ஆப்ட் என்னும் இளைஞர் 1882-இல் புதுமுறை ஒன்றைக் கண்டிருந்தார். இரு பற்சட்டங்களை அருகருகே நிறுத்தி, ஒன்றன் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருமாறு அமைப்பது அது. எப்பொழுதும் ஏதேனும் ஒரு பல் பிடித்துக்கொண்டே இருத்தலால் ஓட்டம் அதிராது; இரும்பும் குறைவாகவே வேண்டும். கல்லாறு முதல் குன்னூர்வரை 12 அடிக்கு ஓரடியாக உயரும் அம்மலையில் மாணவரின் சட்டமே கிடக்கின்றது. ஆசிரியரைப் புறக்கணித்தனர் என்று சிலர் வருந்தலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆப்ட் திருத்தியது பல்லின் வடிவை. பல் வேண்டுமென்று உலகை இணங்கச் செய்தவர் ரிக்கன்பாக்.

குன்னூருக்கு வண்டி ஏறிய மறுமாதம், 1899 ஜூலை 25-ஆம் நாள், ஓல்டன் நகரில் அவர் உயிர்நீத்தார், வயது 82. மோசே நேபோ மலைமேல் நின்று கானானைக் கண்டார், அதனுட் புகவில்லை. இவரோ நீலகிரியுட் புகுந்தார், அதன்மேல் வண்டி ஏறுவதைக் காணவில்லை. புகழெல்லாம் பெற்றபின்னரும், முதுமையில் எழுதிய தம் சரிதத்தின் தலைப்பிலே தம்மை வெறும் பழைய யந்திரத் தொழிலாளி என்றே அவர் குறித்துக்கொண்டார்.

நீலகிரியின் பழைய நீராவி எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து யந்திரசாலையிற் செய்யப்பட்டவை. அச்சாலை 1873-இல் முதன்முதற் செய்து முடித்த எஞ்சின் ரிகி மலைக்கே உரியது. நீலகிரி எஞ்சினில் உருளைகள் நான்கு. இரண்டு சாதாரணச் சக்கரங்களையும், இரண்டு பற்சக்கரங்களையும் சுழற்றும். குன்னூரோடு பற்சட்டம் முடிந்துவிடுகிறது. 1908-இல் உதகைவரை நீட்டப்பட்ட பகுதி சாய்விற் குறைந்தது. ஆதலின் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி வழியாக லவ்டேலுக்கு வண்டி வழவழப்பான சக்கரங்களைக் கொண்டே ஏறுகின்றது. மூடுபனி படிந்து தண்டவாளம் நனையும் வேளைக்கென, ஹவென்ஸ்டைனில் தூவிய அதே மணல் எஞ்சினின் பெட்டியில் நிரப்பி வைக்கப்பட்டிருக்கும்.